தோள் கோப்பை

என் அன்பு வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் சுகம், அங்கே நீ சுகமாக இருந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போன வாரம் முட்டியில் வீக்கம் என்றாயே, வற்றியதா? ஆட்டம் முடிந்த சூட்டோடு ஈரத் தரையில் உட்காராதே என்று எத்தனை தடவை சொல்வது, இருபத்திரண்டு பேர் பின்னால் ஓடுகிறவளுக்கு முட்டிதானே சொத்து. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. பின்னறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது, நாளைக்கு வருகிறேன் என்று போன கொத்தனாருக்கு இன்னும் அந்த நாளை விடியவில்லை. சித்தப்பாவுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. நீ அனுப்பிய காற்று மெத்தை நல்ல மெத்தை, கரண்ட் போனால் மட்டும் புஸ்ஸென்று இறங்கிவிடும், அவரும் பஞ்சர் பஞ்சர் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் சொல்ல வந்தது வேறு. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு பேசுகிறாய், அதோடு சித்தப்பாவுக்குக் கை கால் வராதே தவிர காது பாம்புக் காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நின்றுபோன அந்தப் பழைய ஃபுட்பால் கோப்பையை மறுபடி நடத்தப் போகிறார்கள், ஃபைனலுக்கு உன்னை ரெஃப்ரியாக வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று குதித்தாய். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், "தோத்த கேப்டன் ஜெயிச்ச கேப்டனைத் தோள்ல தூக்கிக்கிட்டு கிரவுண்டைச் சுத்துவாராமே, எவ்வளவு அழகான வழக்கம்மா" என்று, அப்போது கையில் இருந்த கரண்டியால் உன் தலையில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. நீ தூரத்தில் இருப்பது உன் நல்ல நேரம். சித்தப்பாவுக்கு ஆட்டத்தில் அடிபட்டது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும், கூட்டத்தில் மிதிபட்டார் என்று நினைத்திருப்பாய், பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம், 'அந்த ஃபைனல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேச முடியாத இடத்தில் இருக்கிறாய், கேள்.

அந்தக் கோப்பையை ஆரம்பித்தவன் ரயில் பட்டறைக்குச் சூப்பிரண்டாக இருந்த வெள்ளைக்காரன். பூட்ஸ் துரை என்று பட்டறையில் பட்டப்பெயர், பேசுவதைவிட அதிகமாக உதைப்பானாம். துரைமார் ஒரு டீம், பட்டறை ஒன்று, துறைமுகம் ஒன்று, போலீஸ் ஒன்று, மில் ஒன்று. துரைமாருக்கு ஆணி அடித்த பூட்ஸ், மற்றவர்களுக்குப் பாதம். ஆட்டம் முடிந்தால் நகம் இல்லாத விரல்களும் பிளந்த கணுக்காலுமாக நொண்டிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள் என்று என் அப்பா சொல்வார். ஒருவன் கால் எலும்பு வெளியே தெரிய விழுந்து கிடந்தபோது பூட்ஸ் துரை அவனைத் தாண்டிப் போய் கோல் போட்டானாம், அதற்கும் கைதட்டச் சொன்னார்களாம். தோற்றவன் ஜெயித்தவனைச் சுமக்க வேண்டும் என்கிற சட்டமும் அவன் மூளையில் உதித்ததுதான். விளையாட்டுக் குணம் என்று அதற்குப் பெயர் வைத்தான். வருடா வருடம் ஜெயித்தது அவர்கள், ஏறியதும் அவர்கள், சுமந்தது நம் ஆட்கள். ஊர்க்காரர்கள் அதைத் தோள் கோப்பை என்றே கூப்பிட்டார்கள், துரை வைத்த பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஒரு வருடம் பட்டறை ஜெயித்துவிட்டது. அப்போது பட்டறைக்குக் கேப்டன் சம்மட்டி அடிக்கிற என் தாத்தா. வெறுங்காலோடு, உடைந்த மூக்கோடு, மைதானத்தின் நடுவில் துரை வந்து குனிவான் என்று நின்றிருக்கிறார். பூட்ஸ் துரை வந்தான், குனியவில்லை, குதிரைச் சவுக்கை வாங்கி முகத்திலேயே வீசினான். காதில் பாதி அறுந்து தொங்கியது. கூட்டம் உள்ளே இறங்க, குதிரைப் போலீஸ் மேலே ஏற, அன்று எத்தனை பேர் குளம்பில் நசுங்கினார்கள் என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. அடுத்த வருடத்திலிருந்து துரைமார் ஆடவில்லை. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பரிசு கொடுக்கிறோம், நீங்களே ஆடிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், வேறென்ன. இதில் எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா, அவன் ஒரே ஒரு தடவை சுமக்க வேண்டி வந்தது, மாட்டேன் என்று போய்விட்டான், நம் ஆட்கள் அந்தச் சட்டத்தை விட்டார்களா? அவன் கப்பலேறிப் போன பிறகும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தாத்தாவுக்குக் கிடைக்காத சவாரி தனக்குக் கிடைக்காதா என்று ஒவ்வொருவனுக்கும் ஆசை. இன்னும் மெருகேற்றினார்கள், மேலே இருப்பவன் குதிகாலால் விலாவில் குத்துவான், கூட்டம் "ஓடு குதிரை ஓடு குதிரை" என்று கத்தும்.

இனி அந்த ஃபைனல். பட்டறைக்குக் கேப்டன் என் அண்ணன், உன் மாமா. துறைமுகத்துக்குக் கேப்டன் என் கொழுந்தன், உன் சித்தப்பா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, நீ வயிற்றில். புருஷன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டுக்காக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது எனக்காகத்தான் சொன்னது. பட்டறைக்காரர்கள் பாக்கெட் நிறைய நட்டும் போல்ட்டும் கொண்டு வந்திருந்தார்கள், துறைமுகத்துக்காரர்கள் மூட்டை தூக்கும் கொக்கியை இடுப்பில் சொருகி வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வருகிற கோலமா அது? சித்தப்பா முழங்கையால் இடித்து மாமாவின் விலா எலும்பை உடைத்தார், மாமா மண்டையால் முட்டிச் சித்தப்பாவின் பல்லைக் கழற்றினார். கடைசியில் சித்தப்பா அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு நேர் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரெஃப்ரி ஒரு டிரில் மாஸ்டர், பாவம், கோல் என்று ஊதினார். ஊதி முடிப்பதற்குள் பறந்து வந்த போல்ட் அவர் தாடையை உடைத்தது. மகளே, விசில் ஊதியவருக்கு அது, நீயும் விசில் ஊதப் போகிறவள்.

மாமா குனிந்தார், சித்தப்பா ஏறினார். பூட்ஸ் காலால் விலாவில் குத்தினார், உடைந்த பக்கமாகப் பார்த்துக் குத்தினார், மாமா வாயில் ரத்த நுரையோடு நடந்தார். மூன்று பக்கம் சுற்றியாயிற்று, நாலாவது பக்கம் பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடம். அங்கே வந்ததும் சித்தப்பா மாமாவின் முடியைக் கடிவாளம் மாதிரி பின்னால் இழுத்து, "உங்க ஆளுங்களுக்கு ஒரு கும்பிடு போடு குதிரை" என்றார். மாமா அவருடைய இரண்டு கணுக்காலையும் இறுகப் பிடித்தார், அப்படியே மல்லாக்கப் பின்னால் விழுந்தார். பின்னால் இருந்தது சாக்கடை ஓரத்துச் சிமெண்ட் விளிம்பு. சித்தப்பாவின் பிடரி அதில் பட்ட சத்தம் காய்ந்த விறகு முறிகிற சத்தம்தான், நான் இருந்த இடம் வரை கேட்டது. அதற்குப் பிறகு கொக்கி எடுத்தவன் கொக்கி, கல் எடுத்தவன் கல். பட்டறையில் கடைசல் வேலை பார்த்த ஒருவரின் வயிற்றில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன், இன்னொருவனைத் தரை உருட்டும் இரும்பு உருளையில் வைத்து மண்டையை மோதினார்கள். அப்பா என்னைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி மேலே கவிழ்ந்து படுத்ததால்தான் நீ பிறந்தாய். அன்று பொழுது சாய்வதற்குள் பட்டறைக் குடியிருப்பில் ஒரு வரிசை எரிந்தது, நான் பிறந்த வீடும் அதில் ஒன்று. கோப்பையை உலையில் போட்டார்கள் என்று ஒரு பேச்சு, கடலில் எறிந்தார்கள் என்று ஒரு பேச்சு, எங்கேயோ போய்த் தொலைந்தது. மாமா சில வருடம் ஜெயிலில் இருந்து வந்தார். மாமா ஏன் உள்ளே வராமல் வாசல் கேட்டோடு பேசிவிட்டுப் போகிறார் என்று சின்ன வயதில் கேட்பாயே, இதனால்தான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கோப்பைக் கமிட்டித் தலைவர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார், மைக் செட் என்று அப்பா கூப்பிடுவாரே, அவர்தான். கூடவே மாமாவையும் உள்ளே அழைத்து வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மாமா நம் முன்னறையில், சித்தப்பா கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் இப்போதாவது மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நம்பி டீ போடப் போனேன். மைக் செட்டின் யோசனை என்ன தெரியுமா, ஃபைனல் அன்று பழைய கேப்டன்கள் இருவரும் மறுபடி தோள் சுற்று போக வேண்டுமாம், ஊரே கண்ணீர் விடுமாம். மாமா என்ன சொல்ல வேண்டும்? "இப்பவும் தூக்குவேன், நாலாவது பக்கம் பாக்கி இருக்கு, முடிச்சுடறேன்" என்கிறார். சித்தப்பாவாவது வேண்டாம் என்று சொல்ல வேண்டாமா? "தூக்கட்டும், ஜெயிச்சது நாங்கதானே, அது எனக்கு வரவேண்டிய பக்கம்" என்கிறார். யார் ஜெயித்தது என்று ஆரம்பித்தது. பந்து தாண்டவில்லை என்று மாமா, தாண்டியது என்று சித்தப்பா. அசைக்க முடிந்தது வாய் ஒன்றுதானே, சித்தப்பா மாமாவின் முகத்தில் துப்பினார். மாமா கைத்தடியை ஓங்கிவிட்டார், அடி கட்டில் கம்பியில் விழுந்ததால் சித்தப்பா முகம் பிழைத்தது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? டீத் தட்டோடு வந்த நான் தட்டைத் தூக்கி அப்படியே சுவரில் அடித்தேன். மைக் செட்டின் சட்டையெல்லாம் டீ.

பிறகு கேட்டேன். "தோத்த கேப்டன் ஜெயிச்ச கேப்டனைத் தூக்கணும், அதானே உங்க சட்டம்? எங்கண்ணன் மூணு பக்கம் தூக்கிட்டுக் கீழ போட்டுட்டார். அன்னையிலேருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் நான்தான் தூக்கிட்டு இருக்கேன். நான் எந்த டீமுக்கு ஆடினேன், எந்த ஆட்டத்துல தோத்தேன், யாராவது சொல்லுங்க" என்றேன். உனக்குத் தெரியாதா, நீயும் தூக்கியவள்தானே, ஒரு கை அக்குளுக்கு அடியில், என் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அப்பா துறைமுகத்தில் ஷிப்ட்டுக்குப் போனால் வேறு யார் இருந்தார்கள்? என் இடுப்பு போனது இதில்தான். மைக் செட் சட்டையைத் துடைத்துக்கொண்டே, போஸ்டர் அடித்தாயிற்று, சுற்று இல்லாமல் தோள் கோப்பையா என்று முனகிக்கொண்டு போனார். அந்தப் போஸ்டர் ஒட்டும் தகராறிலேயே போன வாரம் ஒரு பையனின் மணிக்கட்டை இரும்புக் குழாயால் உடைத்திருக்கிறார்கள், ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆகவே நீ யோசித்துச் செய். வராதே என்று நான் சொல்லவில்லை, நீ அந்த மைதானத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே, இப்போதே எழுதிக் கேள், தோள் சுற்று கிடையாது என்று இரண்டு டீம் கேப்டனும் ஊர் முன்னால் சொன்னால்தான் விசிலைத் தொடுவேன் என்று. என் பேச்சு அவர்களுக்குப் பெண்பிள்ளைப் புலம்பல், விசில் இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதால் உன் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாட்டோம் என்றால் வராதே. உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், இன்னொரு உடம்பைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை.

முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு, கமிட்டிக்கு எழுதியதும் எனக்கு ஒரு வரி போடு. கை கால் சுகத்தோடு, யாருக்கும் தலை குனியாமல், யாரையும் குனிய வைக்காமல் நீ நூறு வருடம் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. சித்தப்பா தனியாக எதுவும் சொல்லச் சொல்லவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. இன்று காலையில் வழக்கம் போல நாற்காலிக்கு மாற்றும்போது மட்டும், என் தோளில் முகம் கிடக்க, "அண்ணி, நான் ரொம்பக் கனமா இருக்கேனா?" என்று கேட்டார். ஒரு நாளும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா