பஸ் வருடம்

அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நலத்தை எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போகவேண்டும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் எழுதினாலும் அது பொய்யில்லை. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நடக்கிறாள். நடுவில் ஒரு தடவை சுவரைத் தொட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. பேச்சும் திரும்பவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண், "அம்மாவுக்கு எல்லாம் புரியுது சார், வாய்க்குத்தான் வரமாட்டேங்குது" என்கிறாள். அதை எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நேற்று நான் காலை மாத்திரைக்குப் பதிலாக இரவு மாத்திரையை எடுத்து நீட்டினேன். இடது கையால் அதை என் பக்கமே தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன்களை நான் பார்த்த அதே பார்வை.

மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது. தச்சர் அதை ஒரு விரற்கடை உயரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மனிதர் மறுநாள் வந்து இறக்கிவைத்தார். அண்ணனும் அண்ணியும் ஞாயிறுதோறும் வருகிறார்கள். உனக்கு அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகிற பழக்கத்தை நீ இன்னும் விட்டிருக்கமாட்டாய்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை இரண்டு தடவை படித்தேன். "பண்டிகைக்கு நான் வரலைப்பா. அம்மாவோட கதையை நான்தான் பாதியில நிறுத்தினேன். அவங்க சொன்ன கடைசிக் கதை அதுதான். எந்த முகத்தோட வந்து அந்த மேஜையில உக்காருவேன்? இந்த வருஷம் அண்ணனே சொல்லட்டும்" என்று எழுதியிருக்கிறாய். இத்தனை மாதம் நீ வராமலிருந்ததற்கு வேலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் இதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பாடத்தை முதலிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு ஓடும்.

எங்கள் வீட்டில் பண்டிகை என்றால் புதுச்சட்டை, சாப்பாடு, அப்புறம் தூக்கம். உன் அம்மா வீட்டில்தான் இந்த வழக்கத்தைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்த மேஜையைத் துடைத்ததும் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு பழைய பண்டிகைக்கும் ஒரு பெயர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளரும் உண்டு. நாற்காலி உடைந்த வருடம் உன் பெரிய மாமாவுடையது. கூரை ஒழுகிய வருடம் சித்தியுடையது. உரிமையாளர் மட்டும்தான் சொல்லலாம். மற்றவர்கள் கேட்கலாம், சிரிக்கலாம்; ஒரு சொல்லைக்கூடத் திருத்தக்கூடாது. கல்யாணமான முதல் வருடம் நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லலாமா என்று கேட்டேன். "மாப்ள, உங்களுக்குக் கேக்குற உரிமை கொடுத்திருக்கோம். அதையே பத்திரமா வச்சுக்குங்க" என்றார் பெரிய மாமா. அவருடைய மகன் நாற்காலிக் கதையைப் பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டு, மகனோடு பேசாமலே அந்தக் கல்யாணத்தை நடத்திமுடித்த மனிதர் அவர். "கல்யாணம் அவன் உரிமை, நாற்காலி என் உரிமை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பஸ் வருடம் அம்மாவுடையது. அவளுக்கு அது அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது.

உன் தாத்தா டவுன் பஸ் டிரைவர். டிரைவருக்கு ஏது பண்டிகை? ஒவ்வொரு வருடமும் அவருக்கு அன்றைக்கு டியூட்டி. ஒரு வருடம் உன் பாட்டி, "அவர் வரலேன்னா என்ன, நாம போவோம்" என்று சொல்லி, சமைத்ததையெல்லாம் டிபன் கேரியர்களில் அடைத்து, பிள்ளைகளுக்குப் புதுத்துணி உடுத்தி, பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சாயங்கால டிரிப்பில் பின்சீட்டு முழுக்கப் பந்தி. டியூட்டி முடிந்து திரும்பும் நர்ஸ் ஒருத்தி, டியூட்டிக்குப் போகும் காவலாளி ஒருவர் என்று ஏறியவர்களுக்கெல்லாம் இலையில் ஒரு பங்கு. "வீட்டுல பண்டிகை இல்லாதவங்கதான் அந்த நேரத்துக்கு பஸ் ஏறுவாங்க. அவங்களுக்கு பஸ்ஸுலயே பண்டிகை வந்துடுச்சு" என்பாள் அம்மா. நடுவில் ஒரு நிறுத்தத்தில் டிக்கெட் செக்கர் ஏறினார். வண்டியே நடுங்கிப்போனது. அவர் டிக்கெட் என்று கை நீட்டியதும், பின்சீட்டிலிருந்து குட்டி குட்டிக் கைகள் வரிசையாக உயர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டிக்கெட். டிரைவர் முன்கூட்டியே எல்லோருக்கும் எடுத்துவைத்திருந்தார், கடைசி நிறுத்தம் வரை. செக்கர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு இலை போடுங்க" என்று உட்கார்ந்தார்.

இதை நான் எழுதினால் நாலு வரி. அம்மா சொன்னால் அது பஸ். நாக்கிலேயே கியர் மாற்றுவாள். அவள் வளைவு என்றால் நாம் எல்லோரும் நாற்காலியோடு சாய்வோம். எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு வகுப்பைக்கூட அப்படிச் சாய்க்க என்னால் முடிந்ததில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு, டிரைவர் வண்டியைத் திருப்பாமல் மலை மேல் ஏற்றுவார். உச்சியில் நிறுத்தி உள்விளக்குகளை அணைப்பார். கீழே ஊர் முழுக்க விளக்கு. "பாத்துக்குங்க, இன்னிக்கு ஊர்ல எரியிற எல்லா விளக்கும் நம்மளுது" என்பார். அங்கே கதை முடியும்.

போன பண்டிகைக்கு வண்டி மலை ஏறத் தொடங்கியபோதுதான் நீ வாயைத் திறந்தாய். "அம்மா, அந்த ரூட் மார்க்கெட்டோட முடிஞ்சிடும். வேலை பழகினப்ப நம்ம டிப்போவுல பழைய மேப் எல்லாம் பாத்திருக்கேன். அந்தக் காலத்துல மலைக்கு ரோடே கிடையாதும்மா." பஸ்ஸுக்கு நேர அட்டவணை போடுகிறவளுக்கு அது கண்ணில் படாமல் போகுமா? அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேஜையில் யாரும் எந்தக் கதையையும் அதுவரை திருத்தியதில்லை. அண்ணன் மேஜையைப் பார்த்தான். அம்மா "அப்படியா" என்றாள், டம்ளரைக் கீழே வைத்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் விடியலில் நீ கிளம்பிவிட்டாய்.

உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் பின்னாலேயே போனேன். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். நான் பயந்துபோனேன். அவள் சொன்னாள்: "மார்க்கெட் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டேங்க. எனக்கு மலை ஞாபகமே இல்லை. காலையில எழுந்து, பஸ்ஸுல கடைசி வரைக்கும் போகலையேன்னு அழுதேனாம். அப்பா தூக்கிவச்சுக்கிட்டு, ஏன் போகல, மலைக்குப் போனோமே, விளக்கெல்லாம் பாத்தோமேன்னு சொன்னார். நானும் பாத்ததாவே நெனச்சுக்கிட்டேன். ரோடே இல்லாத இடத்துல எனக்காக ஒரு மலையைக் கொண்டுவந்து வச்சிருக்கார் பாருங்க எங்கப்பா."

உடனே பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள். அவரும் அந்த பஸ்ஸில் இருந்தவர்தானே. மலை உண்டா இல்லையா என்று கேட்டாள். "உனக்கு இப்பத்தான் தெரியுதா" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று இவள் சண்டைக்குப் போனாள். "கதை உன்னோடது. நான் வாயைத் திறக்கலாமா?" என்றார் அவர். ஒரு குடும்பமே அவள் எதிரில் உட்கார்ந்து, வருடா வருடம் இல்லாத மலையில் ஏறி இறங்கியிருக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை.

போனை வைத்துவிட்டு அவள் சொன்னது இது: "எல்லாரும் சாஞ்சாங்க. சின்னவ மட்டும் வழியைப் பாத்துக்கிட்டே வந்திருக்கா. எங்கப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டா. கதை இனிமே அவளோடது." உன்னை எழுப்பிச் சொல்லலாம் என்றேன். மாட்டேன் என்றாள். நீ போன பிறகு போனிலாவது சொல் என்றேன். "இது போன்ல சொல்ற விஷயமா? அடுத்த வருஷம் எல்லார் முன்னாடியும் சொல்லி, அவ கையில கொடுக்கிறேன்" என்றாள். அடுத்த வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இப்படி ஆகிவிட்டது.

நானாவது சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எனக்குக் கேட்கும் உரிமை மட்டும்தானே. அவள் எப்படியும் பேசிவிடுவாள், தானே சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் காத்திருப்பது போதும் என்று தோன்றியது. அவள் எதிரில் உட்கார்ந்து, இதை நான் எழுதட்டுமா என்று அனுமதி கேட்டேன். இடது கையால் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

நீ சொன்னபடி அண்ணனையும் சொல்லச் சொல்லிப் பார்த்தோம். போன ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு. அவன் நன்றாகத்தான் சொன்னான். செக்கர் குரலைக்கூட அப்படியே கொண்டுவந்தான். அம்மா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி மலை ஏறியதும் தேக்கரண்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். சரி, மலை வேண்டாம் என்று அவன் வண்டியை மார்க்கெட்டிலேயே திருப்பினான். அதற்கும் ஒரு தட்டு. "மலை உண்டுன்னாலும் அடி, இல்லைன்னாலும் அடி. அம்மா பேசாமலே என்னை ஃபெயில் பண்ணிட்டாங்கப்பா" என்று அவன் எழுந்துவிட்டான். அண்ணி, "உங்களுக்கு ஸ்கூல்லயும் அப்படித்தானே" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முகத்தின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, ஆனால் அது போதுமானதாக இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கணக்குக்கு இரண்டு விடை எழுதி, இரண்டும் தப்பு என்று ஆசிரியர் சொன்னால், பையன் விடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். கேள்வியே மாறிவிட்டது என்பது அவனுக்குத் தோன்றாது. மலைக்குப் போனார்களா இல்லையா என்பது இப்போது கேள்வியே இல்லை. ஒரு டிரைவர் தூங்கிப்போன தன் மகளுக்காக மலையை எங்கிருந்து கொண்டுவந்தார், அவளுடைய மகள் அதை எப்படிக் கண்டுபிடித்தாள், அதுவரை மற்றவர்கள் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இனிமேல் பஸ் வருடத்தின் முடிவு. அதை அண்ணனால் சொல்லமுடியாது. நான் சொல்லக்கூடாது. பெரிய மாமாவைக் கேட்டேன், "என்னை ஏன் இழுக்கிறீங்க மாப்ள, உரியவ இருக்காளே" என்று கை விரித்துவிட்டார்.

நீ அம்மாவின் கதையை நிறுத்தியதாக எழுதியிருக்கிறாய். அவளோ உன்னிடம் கதை வந்து சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பேச்சு திரும்பலாம் என்கிறார், திரும்பாமலும் போகலாம் என்கிறார். வேறு சிலவும் சொன்னார். அதையெல்லாம் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. உன் மனசிலிருக்கும் பாரம் இந்தக் கடிதத்தோடு இறங்கட்டும். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு வேண்டுதல் இல்லை.

எழுதிமுடித்துக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக்காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓரிடத்திலும் மறுப்புச் சொல்லவில்லை. தாளின் அடியில், கடைசி வரியாக "முடிந்தால் வா" என்று எழுதியிருந்தேன். கண்ணைத் திறந்து, காகிதத்தை வாங்கி, இடது கை நகத்தை அந்த முதல் சொல்லின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். எடுக்கவில்லை. நான் பேனாவால் அந்தச் சொல்லை அடித்த பிறகுதான் விரலை எடுத்தாள். அடித்தல் திருத்தலோடு நான் யாருக்கும் கடிதம் அனுப்பியதில்லை. இதை மட்டும் திரும்ப எழுதாமல் அப்படியே அனுப்புகிறேன். கீழே மிச்சமிருக்கும் சொல் நான் எழுதியதுதான், ஆனால் சொன்னது அம்மா.

வா.

ஆசிகளுடன்,
அப்பா