வேப்பிலையைக் கண்டு திருப்பி அனுப்பப்பட்ட உண்ணிக் காய்ச்சல்

அனுப்புநர்:
சொக்கம்மாள், க/பெ. காலஞ்சென்ற துரை,
கீழண்டைக் காலனி, சாலவாக்கம் அருகில்,
உத்திரமேரூர் பிர்கா.

பெறுநர்:
மேன்மை தங்கிய ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
செங்கல்பட்டு ஜில்லா.

பொருள்: மாட்டு உண்ணி கடித்து வரும் காய்ச்சலை அம்மை என்று தள்ளாமல் வைத்தியம் பார்க்கவும், உடனே ஒரு டாக்டரை அனுப்பவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் மருமகள் சிட்டம்மாள் மிராசுதார் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிய உண்ணியைப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்குவதும் அவள் வேலை. எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மாசியில் அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மண்டை பிளக்கிறது என்று அழுதாள். பிறகு கைகால் எல்லாம் செம்புள்ளி. அம்மன் வந்திருக்கிறாள் என்று தெருவார் வாசலில் வேப்பிலை கட்டி, அவள் இடுப்பிலும் ஒரு கொத்து செருகினார்கள்.

2. காய்ச்சல் தணியாமல் சர்க்கார் டிஸ்பென்சரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். கம்பவுண்டர் வேப்பிலையைப் பார்த்ததும், "அம்மையோட இங்க இன்னாத்துக்கு வந்தீங்க? வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க" என்று வாசல் கேட்டிலேயே விரட்டினார். கிட்டே வரவில்லை. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக்கூடப் பேசவில்லை. இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தாங்களும் மனதில் வைக்கவும்.

3. சிட்டம்மாளுக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் நான் இல்லை என்பேன். "ஒங்க நாக்குலதான் கோளாறு கீது அத்தே" என்பாள் அவள். அன்று வண்டியில் என் மடியில் தலைவைத்து, நான் என்ன ஏசியும் பதில் பேசாமல் கிடந்தாள். வண்டியை அப்படியே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னேன்.

4. அங்கே டாக்டரம்மா வேப்பிலையை எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்துவிட்டு, அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலையும் பார்த்தார்; அங்கேயும் நீர் கோக்காத அதே செம்புள்ளி. மாட்டு வேலை செய்கிறவளா என்று கேட்டார். முழங்காலுக்குப் பின்னால் நெருப்பு சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. உண்ணி கடித்த இடம் இது, அம்மை இல்லை என்று மாத்திரை கொடுத்தார். சில நாளில் சிட்டம்மாள் எழுந்து உட்கார்ந்து, நான் கொடுத்த கஞ்சியில் உப்பு இல்லை என்றாள். ஐயா, நான் அழுதுவிட்டேன்.

5. இப்போது அவள் இடத்தில் கொட்டகைக்குப் போன மலர்க்கொடி அதே காய்ச்சலில், அதே புள்ளியோடு கிடக்கிறாள். கைக்குழந்தைக்காரி. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்கிறாள் அவள் மாமியார். நான் சொன்னதை நம்பவில்லை. சர்க்கார் டாக்டர் வந்து சொன்னால் அனுப்புகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். குழந்தையைச் சிட்டம்மாள்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் தயவுசெய்து ஒரு டாக்டரை மாத்திரையோடு இன்றே அனுப்பவேண்டும். புள்ளிக் காய்ச்சலோடு வருகிறவர்களை உள்ளங்கை பார்க்காமல் திருப்பக்கூடாது என்று கம்பவுண்டருக்கு உத்தரவு போடவேண்டும். மருந்து பட்டால் பால் கெடும் என்று, மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் வரும்போதெல்லாம் மிராசுதார் பூட்டிவைக்கும் கொட்டகைக்கும் அவர்களை அனுப்பி, உண்ணி சாக மருந்து அடிக்கவேண்டும். இந்த மனுவைக் கொண்டுவரும் என் மகன் வேதகிரி வழி காட்டுவான்.

மலர்க்கொடி வாசலில் வேப்பிலை கட்டியிருக்கும். வருகிற டாக்டர் அதைக் கண்டு திரும்பிவிட வேண்டாம். அம்மனிடம் நான் சொல்லிவிட்டேன். வாசலிலேயே நிற்பேன், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகிறேன்.

இடம்: கீழண்டைக் காலனி
தேதி: 21-3-1961

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
சொக்கம்மாள்