பேய் வீட்டுக்குப் போய் வந்தவர்

மாமா,

போன வாரம் உங்கள் கறுப்புக் கோட்டை லிட்டில் இந்தியாவில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். உங்கள் பிள்ளைக்கு ஏதோ அலுவலக விருந்து. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், "அப்பாவோடதே இருக்குல்ல" என்று முடித்துவிட்டார். தோள் சரியாகத்தான் இருக்கிறது. வயிற்றுப் பக்கம்தான் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும். தையல்காரர் கோட்டை மேசையில் விரித்து உள்பையில் கைவிட்டார். வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி வெளியே வந்தது. கூடவே பாச்சை உருண்டை வாசம்.

"என்ன அக்கா, மேஜிக் பண்றவரா?"

"இல்ல தம்பி, என் மாமனாரு. ஒரு சங்கத்துல இருந்தாரு. கூட்டத்துக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போவாரு."

எந்தச் சங்கம் என்று கேட்டார். சொன்னேன். கையுறையை மேசையில் வைத்துவிட்டு விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த ரூமா ஹந்து ஆளுங்களா? அங்க மண்டையோடு வச்சுப் பூசை பண்ணுவாங்களாம் லா. என் கூட்டாளி சொன்னான்."

"உங்க கூட்டாளி பார்த்தாரா?"

"அவனுக்கு யாரோ சொன்னாங்க."

இத்தனை வருடம் கழித்தும் ஜார்ஜ்டவுனில் அந்தச் சங்கக் கட்டடத்துக்கு மலாயில் ரூமா ஹந்து என்ற அதே பெயர்தான், மாமா. பேய் வீடு. ஆளுக்கு ஆள் சொல்லி வருகிறார்களே தவிர, பார்த்தவர் என்று ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

என் கல்யாணமே அந்தப் பேய் வீட்டில் போய் முட்டி நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் அப்போது செபராங் ஜெயாவில் இருந்தோம். அப்பா இல்லாத வீடு. நல்லது கெட்டது எல்லாம் பெரியப்பா கையில். பாயான் பாருவில் உங்கள் வீட்டுக்கு வந்து பெண் மாப்பிள்ளை பேச்சு முடித்து, அத்தை கையால் வடை பாயசம் சாப்பிட்டு, எல்லாருக்கும் திருப்தியாகத்தான் திரும்பினோம். தட்டு மாற்ற நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு கத்தினார்.

"இந்தச் சம்பந்தம் வேணாம். மாப்பிள்ளையோட அப்பா மாசா மாசம் லாட்ஜுக்குப் போறாராம்."

அம்மாவுக்கு லாட்ஜ் என்றால் தங்கும் விடுதிதான். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "இந்த வயசுலயா?" என்றார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அந்த லாட்ஜ் இல்லை, ரகசியச் சங்கம், ஆட்டை வெட்டி ரத்தம் குடிப்பார்கள், சவப்பெட்டிக்குள் படுத்துச் சத்தியம் செய்வார்கள், அதை மீறினால் நாக்கை அறுத்துவிடுவார்கள் என்று அடுக்கினார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "குண்டர் கும்பலா?" என்று கேட்டார். நம் ஊரில் ரகசியச் சங்கம் என்றால் முதலில் அதுதானே நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைப் போலீஸ் அப்படித்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

நான் உங்கள் பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் நீங்களே பேசினீர்கள். "பேய் வீட்டை ஒரு தடவை வந்து பாத்துடுங்கம்மா. பாத்த பிறகு வேணாம்னா வேணாம்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா ஓட்டிய காடியோடு பெரிக் கப்பலில் ஏறிக் கடலைக் கடந்து வந்தோம். பெரிய மரங்கள் நிழல் விரித்த தெருவில் வெள்ளைக் கட்டடம். வாசலுக்கு மேலே கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த சின்னம். அதற்குக் கீழே சங்கத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை. நீங்கள் கை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையில் சாவியோடு நின்றீர்கள், பக்கத்தில் அத்தையும் உங்கள் பிள்ளையும். பெரியப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரகசியம்னா எதுக்குங்க போர்டு மாட்டப் போறோம்?" என்றீர்கள். "அரசாங்கத்துல பதிவு பண்ண சங்கம் இது."

உள்ளே போனபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், நடுவில் ஒரு மேடை, சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். மேலே காற்றாடி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. அம்மா குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்தீர்கள். தேநீர்க் கோப்பைகள்.

"ஆடு எங்கங்க?" என்று கேட்டேவிட்டார்.

அத்தைதான் பதில் சொன்னார். "உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆனா இவரு திரும்பி வரப்போ சட்டையில ஆட்டுக்கறி வாசம் வரும். கூட்டம் முடிஞ்சதும் நல்லாச் சாப்பிடுவாங்க. அந்த ஆடுதான்."

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீங்களும் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். தொழிற்சாலையில் உங்கள் மேலாளராக இருந்த சீனர்தான் உங்களைக் கூட்டிவந்து சேர்த்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் உள்ளே வர முடியாது. எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. அரசியலும் மதமும் உள்ளே பேசக் கூடாது. "அதனாலதான் இத்தனை வருஷம் சண்டை இல்லாம ஓடுது" என்றீர்கள்.

அப்போது பெரியப்பா கேட்டார். "எல்லாம் சரிங்க. சேர்றப்போ சத்தியம் பண்ணீங்கல்ல? என்ன சத்தியம்? என்ன செஞ்சாங்க? அதைச் சொல்லுங்க."

"அது மட்டும் முடியாதுங்க."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதுல பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா குடுத்தாச்சு."

"பாத்தியா?" என்று பெரியப்பா அம்மாவிடம் திரும்பினார். "இப்ப சொன்னா கல்யாணம். சொல்லலைன்னா இல்ல. அவ்வளவுதான்."

உங்கள் பிள்ளை உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் இருந்த கெஞ்சலை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். அந்த நிமிடம் உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று உங்களிடம் சொன்னதே இல்லை. ஏதோ நாலு வார்த்தை, சொல்லிவிட்டால் என்ன என்றுதான் இருந்தது. நீங்கள் சாவியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னீர்கள்.

"என் பையன் கல்யாணத்துக்காக இதை உடைச்சேன்னா, நாளைக்கு உங்க பொண்ணு என்னை நம்பி ஒண்ணு சொன்னா, வேற எதுக்காகவாவது அதையும் உடைப்பேன். மன்னிச்சுக்குங்க."

பெரியப்பா வெளியே போய்க் காடியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா உங்களையும் அத்தையையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும் பெரியில் பெரியப்பா காடியை விட்டு இறங்கவில்லை. நானும் அம்மாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். பட்டர்வொர்த் கரை நெருங்கும்போதுதான் அம்மா வாய் திறந்தார்.

"அந்தாளு ஏதாவது ஒண்ணைக் கதை கட்டிச் சொல்லிருக்கலாம்டி. விளக்கேத்தினோம், சாமி கும்பிட்டோம்னு சொல்லிருந்தா நமக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல அவ்வளவு சுலபமான இடம். சொல்லல."

பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "இந்த வீட்டுக்குப் போ."

கல்யாணம் நடந்தது. பெரியப்பா வரவில்லை. நீங்கள் நேரில் போய் அழைத்தீர்கள், இரண்டாம் முறையும் போனீர்கள். கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்களே தவிர வரவில்லை. உங்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. உங்கள் தெருக் கோயிலிலும் அதே கதை பரவி, நிர்வாகக் குழுவுக்கு உங்கள் பெயரைச் சொன்னவர்களே பின்வாங்கினார்கள். "விடும்மா, கோயிலுக்குள்ள விடறாங்கல்ல, அது போதும்" என்றீர்கள். அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். திருவிழா நாட்களில் நீங்கள் பின்வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகி அடுத்த வருடம் எனக்குக் கரு உண்டானது. வீட்டில் யாரிடமும் சொல்வதற்கு முன்பே போய்விட்டது. உங்கள் பிள்ளை வேலையாக ஜோகூரில் இருந்தார். அத்தை ஈப்போவில் தங்கை வீட்டில். குளியலறையிலிருந்து நான் உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காடியை எடுத்தீர்கள். கிளினிக்கில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த வரிசையில், மடியில் என் கைப்பையை வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். திரும்பும் வழியில் பார்லித் தண்ணி வாங்கிக் கொடுத்தீர்கள். அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம், என்னால் முடியும்போது நானே சொல்கிறேன் என்றேன். பேரப்பிள்ளைக்காக அவர் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்த சமயம் அது. "சரிம்மா" என்றீர்கள். அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அத்தையோடு கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் கூடத்தில் இருந்த உங்களிடம் போனார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ சொல்ல வேண்டியது அது."

அத்தை உங்களோடு சில நாட்கள் சரியாகப் பேசவில்லை. நீங்கள் விளக்கம் சொல்லவும் இல்லை. தேநீரை நீங்களே போட்டுக் குடித்தீர்கள். பேய் வீட்டில் பெரியப்பாவிடம் நீங்கள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகு ஒருநாள், அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "கேளு. அந்தச் சத்தியம் என்னன்னு இப்பக் கேட்டா சொல்லிடுவேன். இனிமே யாரு என்னை வந்து கேக்கப் போறா?"

கேட்க வேண்டும் என்று இருந்தது, மாமா. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வேணாம் மாமா" என்றேன். "இவ்வளவு நாள் காப்பாத்திட்டீங்க."

நெஞ்சு இரைக்கச் சிரித்தீர்கள். "கேட்டிருந்தா ஏமாந்து போயிருப்ப. அவ்வளவு பெருசா ஒண்ணும் இல்ல."

என்னைச் சோதித்தீர்களா, அல்லது உண்மையிலேயே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்ததா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால், கேட்காமல் விட்டது சரியா என்றும் சில சமயம் யோசிப்பேன்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று மழை. பெரியப்பா வந்திருந்தார். கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து காதருகில், "உடம்பைத் தனியா விட்டுடாதீங்க. அந்த ஆளுங்க வந்து ஏதாவது பண்ணிடுவாங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டவர்கள், சீனர், சீக்கியர், நம்மவர் என்று பலபேர், பெரும்பாலும் வயதானவர்கள். காற்று தூக்கிக்கொண்டு போகப் பார்த்த கூடாரத்தின் கால்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். உலகத்தையே ஆட்டிப் படைக்கிறார்கள் என்று வீடியோக்களில் சொல்லப்படும் கூட்டம், கோட்டெல்லாம் நனைய நம் வீட்டு வாசலில் கூடாரம் பிடித்துக்கொண்டு நின்றது. சீக்கியர் ஒருவர் சத்தமில்லாமல் அழுதார்.

மூத்த சீனர் ஒருவர் என்னிடம் வந்து, உங்கள் பக்கத்தில் ஒரு பச்சைத் தழையை வைக்கலாமா, நம் சடங்குக்கு இடைஞ்சல் இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தையிடம் சொன்னேன்.

"இலைதானே, வைக்கச் சொல்லு. மழையில நிக்கிறாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

வைத்தார்கள், தலை குனிந்து நின்றார்கள், போனார்கள். பெரியப்பா முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தத் தழையில் ஏதோ இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் கைப்பேசியில் ஒரு வீடியோவை நீட்டினாள். "அம்மா, இது தாத்தாவோட சின்னம்தானே? இவங்கதான் உலகத்தை ஆள்றாங்களாம்."

"உங்க தாத்தாவால பக்கத்து வீட்டுக்காரரு நம்ம வாசக் கேட்டுக்கு முன்னாடி காடி நிறுத்தறதையே தடுக்க முடியல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ உள்ள என்னதான் நடந்துச்சு?"

"தெரியாது."

"நீங்க கேக்கவே இல்லையா?"

"அவரே சொல்றேன்னாரு. வேணாம்னுட்டேன்."

என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தோடு மறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டொரு நாள் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சட்டையை எடுத்து மடித்தாள், மறுபடி பிரித்தாள். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்டகூடச் சொல்லக் கூடாது" என்றாள். சரி என்றேன். சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அழுது முடித்துவிட்டு என் மடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.

உங்கள் பிள்ளை இரண்டு முறை கேட்டுவிட்டார், அவளுக்கு என்ன, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று. அவளே சொல்வாள் என்று சொல்லியிருக்கிறேன். என்னோடு அவரும் சரியாகப் பேசுவதில்லை.

அவள் என்ன சொன்னாள் என்பதை உங்களுக்கும் எழுதப் போவதில்லை, மாமா.