புறா வேணாம், கார் வையுங்க

என் லோடு வண்டி ராஜாவே, சித்தப்பா,

நீங்க போயி ஒரு வருஷம் ஆச்சு. தெரு முனையில உங்களுக்கு அஞ்சலி பேனர் கட்டியாச்சு. அதுல நடந்த கூத்தை உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?

அப்பா குடுத்தது உங்க லைசென்ஸ் போட்டோ. குறுக்கே வந்த ஆட்டோக்காரனைப் பாக்கற மாதிரி முறைக்கிறீங்க. ப்ளெக்ஸ் கடை அண்ணன் கேட்டாரு: "பக்கத்துல புறா வைக்கவா, குத்துவிளக்கு வைக்கவா?"

"கார் வையுங்கண்ணா. கதவு மேல தூக்கித் திறக்குமே, அந்தப் பழைய இத்தாலி கார்."

"செத்த வூட்டு பேனரும்மா இது!"

"செத்தது சித்தப்பாதாண்ணா. அவரு ரசனை இல்ல."

போட்டோவையும் மாத்திட்டேன். அந்தக் கார் வீடியோவை செல்லுல பாத்து வாயெல்லாம் பல்லா சிரிச்சீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியாம நான் எடுத்தது.

கார் பைத்தியம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. மத்தவங்களுக்கு மழை பெஞ்சாத்தான் கார்காலம், உங்களுக்கு வருஷம் பூரா! வாங்க வக்கில்லாத காருக்கு எதுக்கு ஆசைன்னு கேட்டாங்க. ஜங்ஷன்ல ரயிலு வந்தா நின்னு பாக்கறாங்களே, வாங்கவா போறாங்க?

பீங்கான் கம்பெனி கேட்டுக்குள்ள பொம்மை லோடு ஏத்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கறப்போ, கதவைத் திறந்து பாதி உடம்பை வெளிய நீட்டிப் பின்னாடி பாப்பீங்க. "இத்தாலிக்காரனும் இப்படித்தாண்டி. அந்தக் காருல பின்னாடி ஒண்ணும் தெரியாது"ன்னு பெருமை வேற. குறையைக்கூடப் பெருமையா சொல்ல வைக்கிற அழகு அது. இப்போ என்கூடப் படிக்கிற பசங்ககிட்ட செல்லுல புது கார் படம் காட்டினா தள்ளிட்டுப் போறானுங்க. இதைக் காட்டினா விரல் நிக்குது. அவனுங்க அப்பன்மாரு டவுசர் போட்ட காலத்துக் கார்! எப்படி சித்தப்பா?

பேனரைப் பாத்ததும் அப்பா கத்தியோட வந்துட்டாரு, கயித்தை அறுக்க.

"செத்தவனைக் கேலி பண்றியாடி? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. அவரே சிரிக்கிறாரு!"

கை ஓங்கினாரு. நான் நகரலை. அடி வாங்கினாலும் அந்த முறைக்கிற முகத்தை மறுபடி ஏத்த விடக் கூடாதுன்னு நின்னேன். அழுகை வேற முட்டிக்கிட்டு வந்துச்சு, சனியன்.

அப்பதான் வூட்டுல இருந்து சித்தி வந்தாங்க. பேனரை அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க.

"விடுங்க மாமா. லைசென்ஸுல இருக்கறது யாரோ ஒரு ஆளு. எங்கிட்ட பேசிட்டிருந்தவரு இவருதான்."

அப்பா ஓங்கின கையை இறக்கினாரு. கத்தியை மடிச்சு சட்டைப் பையில போட்டாரு. காத்துல ஆடிட்டிருந்த கீழ் முனையைப் பிடிச்சு, தானே இழுத்துக் கட்டினாரு. அப்புறம் உங்க முகத்தைப் பாத்துட்டு, "எப்படிச் சிரிக்கிறான் பாரு, திருட்டுப் பய"ன்னாரு.

வெயில்ல வெளுத்தா வேற அடிப்பேன். மழையில கிழிஞ்சா வேற கட்டுவேன். இந்த ஊருல உங்களை முறைக்க வைக்க எவனையும் விடமாட்டேன், சித்தப்பா. இது சத்தியம்.

அடி வாங்காமத் தப்பிச்ச,
உங்க அண்ணன் மவ