நன்மை எடுக்காத ஞாயிறுகள்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சோளகக் காற்று. பூசை முழுக்கக் கோயில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. கொண்டி கழன்றுவிட்டது. திரும்பப் பூட்ட வேண்டும்.

இன்றும் நன்மை எடுக்க, பாதர் தரும் அப்பத்தை வாங்க, போகவில்லை. மூன்றாவது ஞாயிறு. எல்லோரும் வரிசையில், வாங்குப் பலகையில் நான் மட்டும். ஊரே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் அம்மா: “சனம் என்னெண்டு நினைக்கும்? என்ன பாவமடா செய்தனி?”

“ஜூட்டில கோபம். அதோட போய் நாக்கு நீட்ட ஏலாது.”

“கோபம் இல்லாம ஆர் இருக்கினம் இந்தத் தீவில? எல்லாரும் எடுக்கினம்தானே!”

அதுதான் எனக்கு எரிகிறது. முழு மனம், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். பாதி இறுக்கிய நட்டு கடலில் கழலும்.

ஜூட் சித்தியின் மகன். நான் பழுது பார்த்துக் கொடுத்த சித்தப்பாவின் படகு எஞ்சினை ஒயில் கலக்காமல் ஓட்டினான். பிஸ்ரன் இறுகிவிட்டது. துறையில் எல்லோருக்கும் முன்னால், “இவன் பூட்டினது பிழை” என்றான். பிஸ்ரனில் இருக்கும் கீறலே சாட்சி. யார் பார்த்தார்கள்? படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். இப்போது ஒருவரும் எஞ்சின் கொண்டுவருவதில்லை. அவனோ ஞாயிறுதோறும் நன்மை வரிசையில் முதல் ஆள்.

ஓக. 9, சனி

கதவுக் கொண்டி: முடிந்தது. அம்மாவின் தண்ணீர்ப் பம்ப்: இன்னும் இல்லை. செபமாலை: பாதியில் அவன் முகம். நிறுத்தினேன்.

பாதரிடம் போனேன்.

“மன்னிச்சுப்போட்டு வாரும்.”

“அவன் மன்னிப்புக் கேக்கேல்லையே, பாதர்.”

“அவர் கேக்குமட்டும் நீர் பட்டினி கிடக்கப் போறீரோ?”

வெளியே வந்து சைக்கிளை உதைத்தேன். பெருவிரல் வீக்கம்.

பின்னேரம் கோயில் மூப்பர் வந்தார். திருநாள் சுற்றில் மாதா சொரூபக் கூட்டின் முன்பக்கத்தைத் தூக்க வழமைபோல நானும் ஜூட்டுமாம். எங்கள் உயரத்துக்கு ஊரில் வேறு ஆளில்லை.

“அவனோட தூக்கமாட்டன்.”

“அப்ப மாதாவைச் சரிச்சுக்கொண்டு போவமோ? விசர்க் கதை கதையாதை.”

ஓக. 15, வெள்ளி

தூக்கினேன். மாதாவுக்காக. அவனுக்காக இல்லை.

கடற்கரை வளைவில் காற்று கூட்டைத் தள்ளியது. இரண்டு பேரும் நெருங்கிப் பிடித்தோம். என் காதுக்குக் கிட்ட அவன் குரல்:

“டேய், ஒயில் விட மறந்துபோனன்.”

“தெரியும்.”

“அப்பா கொன்றிருப்பார். அதுதான் பழியை உன்னில போட்டனான்.”

“துறையில சொல்லு.”

தோளில் மாதா. அறையவும் வழியில்லை. கூட்டை இறக்கியதும் சனத்துக்குள் நழுவிவிட்டான்.

ஓக. 17, ஞாயிறு

காற்றுக் குறைவு. நேற்றுத் துறையில் காத்து நின்றேன். ஜூட் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வலைக்குள் இன்னும் குனிந்தான். நேரே போய்ப் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

“அவன் சொல்லாட்டியும் விடுறன், பாதர். ஆனா எரியுது.”

“எரியட்டும். நாளைக்கு வாரும்.”

இன்று எழும்பி வரிசையில் நின்றேன். அம்மா கண்ணைத் துடைத்தா. முன்னால் ஜூட்டைக் காணவில்லை. திரும்பினேன். வாங்கில் அவன் மட்டும், குனிந்தபடி.

பின்னால் ஒருத்தி: “இவனுக்கென்ன வந்தது?”

சித்தப்பாவும் அவனையே பார்க்கிறார்.

எனக்கு வந்த கோபம்! இன்றைக்குத்தானா? நான் எழும்பிய அன்றைக்கா?

பாதருக்கும் எனக்கும் இடையில் இரண்டு பேர்தான். வரிசையை விட்டு வெளியே வந்தேன். வாங்கு வரைக்கும் நடந்தேன்.

“அங்கால அரக்கு” என்றேன்.

அரக்கி இடம் விட்டான்.