பூமயிலின் காதுப் பரீட்சை

ஆர்.எஸ்.மங்கலம்
11.1.2004

அன்பு மகன் பூமிநாதனுக்கு அம்மா சண்முகவள்ளி எழுதுவது. உத்தரகோசமங்கை மங்களநாதர் துணையில் நீ அங்கே மேலுக்கு நோக்காடு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே இருக்கிறோம். உன் அய்யாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தைலம் தேய்ப்பதை நிறுத்தினால் திரும்பவும் வந்துவிடுகிறது. கண்மாயில் தண்ணீர் பாதிகூட இல்லாததால் மடையை ஒட்டிய செய்யில் மட்டும் நெல், மற்றதில் எல்லாம் மிளகாய்தான், செடி நன்றாக நிற்கிறது, பழம் எடுக்க மாசி ஆகும். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நீ கொடுத்துவிட்ட டார்ச் லைட்டும் சோப்பும் வந்து சேர்ந்தன. அங்கே இப்போது குளிர் என்றாயே, படுக்கும்போது கம்பளியைக் காது மூட இழுத்துப் போர்த்திக்கொள், ராத்திரிச் சோற்றை வேலை அலுப்பில் விட்டுவிடாதே. எனக்குத்தான் வெள்ளிக்கிழமை சத்துணவுக் கூடத்தில் புத்தி பிசகிவிட்டது, சாம்பாருக்கு உப்பை இரண்டு தடவை அளந்து கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பதினெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. சமைக்கிற பெண், என்னக்கா ஆச்சு ஒங்களுக்கு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். எனக்கு ஏதாவது ஆன மாதிரியே இல்லை, அதுதான் விஷயம்.

நேற்று நீ போன் போட்டபோது பூமயிலுக்கு ஊனமுற்றோர் அட்டை கிடைத்ததா என்று கேட்டாய். அய்யா, கெடச்சிருச்சுப்பா என்று சொல்லி போனை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளும் எப்போதும் போல அண்ணே நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்குக் காதில் வைத்திருந்து, தலையை ஆட்டிவிட்டு, போனை வைத்துவிட்டாள். அட்டை கிடைத்தது நிஜம்தான். எப்படிக் கிடைத்தது என்பதை நான் உனக்கு எழுத வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, பக்கத்தில் ஆள் இருக்கும்.

நாலு வயதில் அந்தக் காய்ச்சல் வந்து அவள் காது போனதில் இருந்து நம் வீட்டில் என்ன பழக்கம் என்று உனக்குத் தெரியும். யாராவது அவளைக் கூப்பிட்டால் நான் ஒரு விரலால் அவள் முழங்கையைத் தொடுவேன், அவள் நிமிர்ந்து அந்த ஆளின் வாயைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். நீ பக்கத்தில் இருந்தால் காலால் எத்துவாய். அய்யா எங்கேயாவது நின்று கத்துவார், நான் தொடுவேன். பொம்பளைப் பிள்ளை, ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு ஒரு வாசலில் கொண்டுபோய் விட முடியாதே என்ற பயம்தான், வேறு என்ன. பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிற சல்மா பென்சிலால் குத்துவாள், இவள் எழுந்து உள்ளேன் ஐயா என்பாள். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்துவிடுவாள். பிள்ளை கொஞ்சம் கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள், ஒன்பதாவது வரைக்கும் பாஸ் போட்டு அனுப்பினார்கள், நானும் கமுக்கமாக இருந்துகொண்டேன்.

இவள் பத்தாவதில் சேர்ந்த ஆனி மாதம் செவ்வந்தி டீச்சர் வந்தது. காது, கண், புத்தி சரியில்லாத பிள்ளைகளுக்கு என்று இந்த வட்டாரத்துக்குப் போட்டிருக்கிற டீச்சர் அது, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் வரும், மொபெட்டில் வரும், ஒல்லியான பிள்ளை. முதல் நாளே பூமயிலுக்குப் பின்னால் நின்று டஸ்டரைத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்துவிட்டது. நான் மழுப்பினேன். அது விடவில்லை. தொண்ணூற்றைந்திலேயே சட்டம் போட்டாச்சு, நாற்பது சதவீதத்துக்கு மேல கேக்கலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாப் போதும்க்கா, அட்டை வந்துரும், அட்டை இருந்தா பத்தாவதுல இங்கிலீஷ் பரீட்சை எழுத வேணாம், மத்ததுக்கு ஒரு மணி நேரம் கூடக் குடுப்பாங்க என்றது. பூமயிலுக்கு இங்கிலீஷ் என்றால் வாயைப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. பெரிய வாத்தியார், காது கேக்காததுக்குத் தனியாப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்கன சேத்துட்டுப் போக வேண்டியதுதானே என்றார். சட்டப்படி இங்கனயே படிக்கலாம் சார் என்று அவரிடம் சண்டை போட்டு, அட்டைக்காகக் காது சோதிக்கிற முகாமுக்கு இவள் பெயரை எழுத வைத்தது அந்தப் பிள்ளைதான். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. பத்தாவது தாண்டிவிட்டால் டைப்போ தையலோ ஏதாவது படித்து ஒரு வேலைக்குப் போய்விடுவாள், யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆவணியில் யூனியன் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. இருநூறு பிள்ளைகள் இருக்கும், ஒரே இரைச்சல். உன் அத்தை கருத்தம்மாளும் கால் சூம்பின பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், ஏன்டி இந்தப் புள்ளைய எதுக்கு இங்கன கூட்டியாந்திருக்க என்று கேட்டு, வேடிக்கை பார்க்க அதே அறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். சின்னவன் ராசுவுக்கு இவளைக் கேட்கலாம் என்று அவள் இரண்டு தடவை பேச்செடுத்தது உனக்குத் தெரியும். உள்ளே ஒரு தம்பி மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காலையில் இருந்து நூறு பிள்ளைகளைப் பார்த்த களைப்பு, தலையை நிமிர்த்தவே இல்லை. பூமயில் காதில் கறுப்பு மூடி இரண்டை மாட்டினார், சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். அவள் பயந்து முழித்ததால் என்னைப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அந்தத் தம்பி பொத்தானை அமுக்க அமுக்க இவள் கையைத் தூக்கினாள். மெல்லிசுச் சத்தத்துக்கும் தூக்கினாள் போல. முப்பத்திரண்டு சதவீதம் என்று எழுதி, அட்டைக்குத் தகுதி இல்லை என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பூமயில் வெளியே வந்து என் வாயைப் பார்த்து, பாஸாம்மா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு அவள் அந்தச் சீட்டைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள், சல்மா வீட்டுக்கு மிட்டாய் கொண்டுபோனாள். கருத்தம்மாள், நாந்தான் சொன்னேன்ல, புள்ளைக்கு ஒரு கொறையுமில்ல என்று எல்லாருக்கும் சொன்னாள். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காது கொஞ்சம் திரும்பியிருக்கும், மங்களநாதர் கண் திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழிப் பிறப்பில் அரைப்பரீட்சைத் தாள் வந்தது, இங்கிலீஷில் நூற்றுக்கு நாலு. செவ்வந்தி டீச்சருக்கு அந்த முப்பத்திரண்டு மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்துக்குப் பூமயிலைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்னால் நின்று குழம்புச் சட்டியில் கரண்டியால் ஓங்கி அடித்தது, அவள் திரும்பவில்லை. அக்கா, முகாம்ல எப்படி ஒக்காந்திருந்தீங்களோ அப்படியே ஒக்காருங்க என்றது. உட்கார்ந்தேன். அவளுக்குப் பின்னால், என் கண்ணில் மட்டும் படும்படி நின்று தட்டியது, பூமயில் உடனே கையைத் தூக்கினாள். திரும்பத் தட்டியது, தூக்கினாள். அப்புறம் அந்தப் பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டு, அக்கா, ஒங்க கையப் பாருங்க என்றது. பார்த்தேன். என் விரல் அவள் முழங்கையில் இருந்தது. முகாமிலும் அந்தத் தம்பியின் கட்டைவிரல் பொத்தானில் அமுங்குவது எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் தொட்டிருக்கிறேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கை போயிருக்கிறது. பழக்கதோஷத்தில் போனதா, வாசலில் கருத்தம்மாள் நின்றாள் என்று போனதா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. செவ்வந்தி டீச்சர்தான் அழுதது. நான் சட்டியைக் கழுவி வைத்தேன்.

அதற்கப்புறம் மறுபடி பார்க்கச் சொல்லி மனு எழுதி, என்னால் நடந்த தவறு என்று அதில் என் கையெழுத்தை வாங்கி, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வியாழக்கிழமைக்கு அந்தப் பிள்ளை நாள் வாங்கியது. பொங்கல் லீவுக்கு முன்னால் அட்டையின் நகல் கல்வி ஆபீசுக்குப் போய்ச் சேராவிட்டால் பரீட்சைச் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். சத்தம் கேட்டால் மட்டும் கையைத் தூக்கு என்று பூமயிலிடம் சொன்னேன், எனக்குத் தெரியும்மா, போன தடவ பாஸ் ஆனேன்ல என்று சிரித்தாள். அங்கே கண்ணாடி வைத்த தனி அறை. என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே காதில் மூடியை மாட்டிக்கொண்டு அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மெஷினில் இருந்த அம்மாள் ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் எனக்கு விரல் துடித்தது, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அவள் கையைத் தூக்கவில்லை. முழங்கையைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரே ஒரு தடவை தூக்கினாள், அப்போது அந்த அம்மாள் எதையும் அமுக்கவில்லை, பேனாவுக்கு மை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறு சதவீதம். போட்டோ ஒட்டி, சீல் குத்தி, அன்றைக்கே அட்டை கொடுத்துவிட்டார்கள். காதுக் கருவி பங்குனியில் தருவார்களாம். செவ்வந்தி டீச்சர் அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்தது. பூமயில் வெளியே வந்து, பெயிலாம்மா என்று கேட்டாள். அவள் சத்தம் அவளுக்குத் தெரியாதே, வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு தாளில், பாஸ், அட்டை கிடைத்துவிட்டது என்று எழுதிக் காட்டியது. அவள் படித்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில் தேவிபட்டினம் தாண்டுகிற வரைக்கும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தவள், என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நீ தொடவே இல்லையேம்மா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறந்துட்டியா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். அந்தக் கை இன்னும் எனக்கு மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது.

சலுகை மனு வெள்ளிக்கிழமையே போய்விட்டது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. இனிமேல் அவளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது, எதிரே வந்து வாய் தெரிய நின்று கூப்பிட வேண்டும், அப்போதுதான் தானாகப் பார்த்துப் பழகுவாள் என்று செவ்வந்தி டீச்சர் சொல்லியிருக்கிறது. சல்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. நீ லீவில் வரும்போது காலால் எத்தாதே. நீ பதில் போடும்போது மறக்காமல் அவளுக்கென்று ஒரு தாள் தனியாக எழுதி வை. போனில் நீ சொன்ன ஒரு வார்த்தையும் இத்தனை நாளில் அவளிடம் சேரவில்லை, அதை நாம் யாரும் நினைக்கவே இல்லை பார். அந்த இரண்டு பரீட்சையைப் பற்றியும் அவளுக்கு விளங்கும்படி நீ எழுது. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, நூறு வயசு இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது பூமயில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் முழங்கை என் தாளில் இடிக்கிறது. அய்யா மாட்டுக் கொட்டத்தில் இருந்து அவளைக் கூப்பிடுகிறார், இது மூன்றாவது தடவை. ஏ புள்ள, காதுல விழுகலையா என்று கத்துகிறார். அவருக்கு முழங்கால் வலிதான், இருந்தாலும் எழுந்து வந்து அவள் எதிரே நிற்கட்டும். நான் தாளில் இருந்து கையை எடுக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சண்முகவள்ளி