பாசிமணிகளின் எடை

மொம்பாசாவில் மகன் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

சிரிக்காதே, இதை நானே என் கையால் எழுதுகிறேன். நாலு வார்த்தைக்கு ஒருமுறை விரலை நீவிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன்! அண்ணன் மகள் நகிதோர் தன் சின்ன விமானத்தை அங்கே சர்வீசுக்குக் கொண்டுவருகிறாள். ஏரிக்கரையில் விடியும்போதே கிளம்பி, இசியோலோவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மேகம் மூடுவதற்குள் மலையைக் கடந்துவிட வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டது நான்தான்.

எடை கூடினால் விமானம் எழும்பாதாம். மீன் வியாபாரியின் தராசில் என்னை ஏற்றி எடை பார்த்தாள். பிறகு, "திரும்பி வர்றப்போ சித்தியும் உண்டுல்ல, சித்தப்பா? அவங்க எடை எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நான் என்ன, அவளைத் தூக்கியா பாத்தேன்?"

"கல்யாணத்தன்னைக்குக்கூடவா?"

வியாபாரி சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது.

போன மழைக்கு முன் நான் உன்னைக் கடுமையாகப் பேசியதைப் பற்றி எழுத, கற்ற எழுத்து இன்னும் போதவில்லை. நேரில் சொல்கிறேன்.

நீ கழற்றி வைத்துவிட்டுப் போன பாசிமணிகளையும் தராசில் வைத்தேன். அத்தனையும் கழுத்தில் போட்டுக்கொண்டா இத்தனை வருடம் தண்ணீர் சுமந்தாய்?

"இதுக்கு இடமில்ல சித்தப்பா. கருவாட்டை இறக்குங்க."

இறக்கினேன். அதுவும் போதவில்லை. உட்காரவும் தலைவைத்துப் படுக்கவும் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோகும் என் மணையையும் இறக்கினேன்.

திரும்பும் பயணத்தில் மணிகளை எந்த மூட்டையோடு சேர்ப்பது என்று கேட்டாள். மூட்டை வேண்டாம், சித்தியின் எடையோடு சேர்த்துக் கணக்குப் போடு என்றேன். போட்டுவிட்டாள்.

காற்று எந்தப் பக்கம் என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்